ரெண்டாவது யாரு?

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். கீழ்வேளூர் கடைத்தெரு முழுக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். "பய பொழச்சுக்குவான்" என்றார் டீக்கடைக்காரர். எங்களுக்கு அடுத்த தெருவில் ரயில் அத்தை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனமா நல்லாருக்கேடா" என்றார். அடுத்த மூச்சில் கேட்டார்.

"ரெண்டாவது யாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? பரிசு வாங்குகிற அவசரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தது?

"தெரியல அத்தை."

"உன்கூடப் பேசினவன் யாருன்னே தெரியாதா? அப்ப யாரைடா ஜெயிச்ச?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி ஒரு நல்ல வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள மாட்டாரா? டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரொம்ப நாள் அந்தத் தெருப் பக்கமே தலைவைக்காமல், சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது சினிமாச் சுவரொட்டியில் ஆள் உயரத்துக்கு வந்து, மழையில் நனைந்து, மாடும் தின்றாகிவிட்டது. அவரோடு ஓடி இரண்டாவதாக வந்தவரின் பெயரை மட்டும் எழுதுகிறேன். பூமயில்.

எங்கள் பக்கத்திலிருந்து தேசியப் போட்டிவரை போய் ஓடிய முதல் பெண் அத்தைதான். எண்ணூறு மீட்டர். அந்த ஓட்டத்துக்காக ரயில்வேயில் வேலை கொடுத்தார்கள். எங்கெங்கோ மாற்றலாகிச் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே டிக்கெட் கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தார். ரயில்வே வேலை என்பதால் ரயில் அத்தையா, ரயில் மாதிரி ஓடியவர் என்பதால் ரயில் அத்தையா என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. கவுன்டரிலும் அவருக்கு அதே புத்திதான். முதல் ஆளுக்கு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, தலையைச் சாய்த்து அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் "நீங்க எங்க போகணும்?" என்பார். முதல் ஆளுக்குக் கோபம் வரும். "நான் இன்னும் நகரலையே?" என்று முறைப்பார். "நீங்கதான் போயிடுவீங்களே, நிக்கப்போறது அவருதானே" என்பார் அத்தை.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததை என் அம்மா சொல்லிச் சிரிப்பார். திருத்துறைப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காபித் தட்டு வருவதாக இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்திருக்கிறது. "எனக்கு முன்னாடி எந்த ஊர்ல பொண்ணு பாத்தீங்க? அவங்களுக்குப் பதில் சொல்லிட்டீங்களா?" மாப்பிள்ளையின் அப்பா விழித்தாராம். சொல்லவில்லை. போய்ச் சொல்கிறோம், போய்ச் சொல்கிறோம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்களாம். "அந்தப் பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். மொதல்ல அங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. காபி எங்கயும் போயிடாது." எந்த வீட்டில் இதை ஏற்றுக்கொள்வார்கள்? ஆனால் மாப்பிள்ளை எழுந்து நேரே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அந்த மாமாவை எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லி அத்தையைக் கிண்டலடித்துக்கொண்டே இருந்த தங்கமான மனுஷன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தவர் வாசலில் சரவெடி வெடிக்கும். அத்தை தோற்றவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் உட்கார்ந்துவிடுவார். ஜெயித்தவர் கட்சிக்காரர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் தோற்றபோது அவர்கள் வீட்டுக்கும் வாழைப்பழம் போனது.

பேச்சுப் போட்டி டம்ளர் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தள்ளியது. சினிமாவில் உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று முடி நரைக்கிற வரைக்கும் மற்றவர்கள் படத்துக்கு மைக்கில் கத்தினேன். ஒரு நாள் டீ குடிக்கும்போது எங்கள் இயக்குநரிடம் அத்தையைப் பற்றிச் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். என்னைவிடச் சின்னவர், கெட்டிக்காரர், ஓடுகிற குதிரை. "அண்ணே, இது படம்ணே. கதை உங்க பேர்லயே போடுறேன்" என்றார். இத்தனை வருடத்தில் திரையில் என் பெயர் சாப்பாடு போட்டவர்கள் பெயரோடு ஓடி மறைந்துதான் வழக்கம்.

அவரைக் கீழ்வேளூருக்கு அழைத்து வந்தேன். அத்தைக்கு அறுபதைத் தாண்டியிருந்தது, மாமா இல்லை. வாழையிலை போட்டு வஞ்சிர மீன் குழம்பு ஊற்றினார். இயக்குநர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அம்மா, உங்க ஓட்டத்துக்குப் பெரிய எதிரின்னு யாரைச் சொல்லுவீங்க?"

அத்தை யோசித்தார். "மேட்டூர் அணைதான்" என்றார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார்.

"கோடையில ஆறு காஞ்சு கெடக்கும் தம்பி. ஓடம்போக்கி ஆத்து மணல்லதான் நான் ஓடுவேன். மேட்டூர் தொறந்து தண்ணி வந்துட்டா ஊரே கையெடுத்துக் கும்பிடும். நான் மட்டும் அழுவேன். எனக்கு ஓட எடம் போச்சே! ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் சித்திரான்னம் கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவாங்க. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்ல கெடப்பேன். எங்கப்பா அடிக்கவே வந்துட்டாரு. வெவசாயி வீட்டுப் பொண்ணு, தண்ணி வந்ததுக்கு அழுவுறியான்னு."

"அப்புறம் எங்க ஓடுவீங்க?"

"நாகப்பட்டினம் போயிடுவேன், பூமயிலு ஊருக்கு. கடல் மணலுக்கு யாரு தண்ணி தொறக்கப் போறா? அவகூட ஓடுவேன். கோடையில கடல்காத்து ஒத்துக்கலன்னா அவ இங்க வருவா, ஆத்துல ஓட."

அந்த நேரத்துக்குச் சரியாகக் கொல்லைப்புறத்தில் ஒரு குரல் கேட்டது. "மீனு எப்படிடீ இருந்துச்சு?" பூமயில்தான். தினமும் காலைப் பாசஞ்சரில் கூடையோடு வந்திறங்குவார். அத்தை கவுன்டரில் இருந்த காலத்திலிருந்தே இருவருக்கும் விடிந்தால் சண்டைதான். "இது நேத்து மீனுடி" என்பார் அத்தை. "நேத்து மீனா? கண்ணைப் பாரு, உன் கண்ணைவிடத் தெளிவா இருக்கு" என்பார் பூமயில். கடைசியில் அத்தை அந்த மீனையேதான் வாங்குவார்.

இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் பழைய கதைதான். அந்தக் காலத்தில் அரைக்கால் டவுசருக்கு மேலே பாவாடை கட்டிக்கொண்டுதான் மைதானத்துக்குப் போவார்களாம். ஓட்டம் தொடங்குகிற கோட்டில் நிற்கும்போதுதான் பாவாடையைக் கழற்றி டிரில் மாஸ்டர் சம்சாரத்தின் கையில் கொடுப்பார்களாம். "டேப்பைத் தாண்டுனதும் கைதட்டுறாங்களா, காறித் துப்புறாங்களான்னெல்லாம் பாக்க மாட்டோம். நேரா பாவாடைக்குத்தான் ஓட்டம்!" என்று பூமயில் சொல்ல, அத்தை சிரித்துச் சிரித்து இருமினார். "ஒரு தடவை இவ என் பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா தம்பி. ஜெயிச்சது நானு, இவ பாவாடை எனக்குக் கரண்டைக்கு மேல நின்னுச்சு. அப்படியே மெடல் வாங்குனேன்."

இயக்குநர் ஒன்றையும் விடாமல் போனில் பதிவு செய்துகொண்டார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் ஊரில் பார்த்தவர்களையெல்லாம் டீக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

படத்தை அறிவிக்க ஒரு சின்ன டீசர் எடுப்பதென்று முடிவானது. மார்கழி, சம்பா பச்சைப் பசேலென்று நிற்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயலைப் பிடித்தோம். கதாநாயகி விடியற்பனியில் வரப்பில் ஓடி வர வேண்டும், கேமரா மேலே பறக்கும். அத்தையை ரோட்டோரம் பனிக்குக் குடை விரித்து நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எதுக்குடா வரப்புல ஓடவிடுறீங்க?"

"பாக்க அழகா இருக்கும் அத்தை."

"வரப்புல எவடா ஓடுவா? அது நடக்குறதுக்கே பத்தாது. அண்டை வெட்டி ஓரத்துல புது மண்ணு அணைச்சு வச்சிருக்கான், ஈரமா இருக்கு பாரு."

இதைப் போய் நான் இயக்குநரிடம் சொல்ல முடியுமா? அத்தனை பேர் நிற்கிறார்கள், பனி கலைந்துகொண்டிருக்கிறது. ஆக்‌ஷன் சொன்னார். நல்ல பெண் அது, மாதக்கணக்கில் ஓடிப் பழகி வந்திருந்தது. பாதி வரப்பு வந்ததும் காலுக்கடியில் வரப்பு சரிந்தது. பெண் ஒரு பக்கம் சேற்றில், வரப்பு மறு பக்கம். மேல் வயல் தண்ணீர் கடகடவென்று கீழ் வயலுக்குள் இறங்கியது.

வயல்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "நேத்துதாங்க மேலுரம் போட்டேன்! உரத் தண்ணிங்க! எல்லாம் பங்காளி வயலுக்குப் போவுதுங்க!" பங்காளி அவர் பக்கத்து வரப்பில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இவருக்கும் பேச்சே கிடையாதாம். நாங்கள் லைட் பாய் முதற்கொண்டு எல்லோரும் இறங்கி மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தோம். வயல்காரர் ரோட்டில் உட்கார்ந்திருந்த அத்தையை அப்போதுதான் கவனித்தார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "நம்ம அம்மா கதைதானா? சொல்லக் கூடாது? ஆனா இவங்க ஆத்துலதானங்க ஓடுனாங்க? எங்க வரப்புல ஓடியிருந்தா எங்கப்பா காலை ஒடிச்சிருப்பாரே!" என்றார்.

சேற்றோடு எழுந்து வந்த பெண்ணுக்கு அத்தை தன் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் வயல்காரரிடம், "உரத் தண்ணி வந்தவரு பேரு என்னங்க?" என்று கேட்டார். இரண்டாவது ஆளை அங்கேயும் விடவில்லை.

சரிவதற்கு முன்னால் வரை எடுத்த அந்த வரப்புக் காட்சியைத்தான் பிறகு ஊரெல்லாம் ஆஹா என்றது.

தை முடிவில் முழுக் கதையையும் அத்தையிடம் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்க வந்தோம். இயக்குநர் கதை சொன்னால் கல்லும் கேட்கும். கடைசிக் காட்சிக்கு வந்தார். இறுதிப் போட்டி. எதிரிப் பெண் பின்னால் துரத்தி வருகிறாள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் காலை நீட்டித் தட்டிவிடுகிறாள். நாயகி விழுகிறாள். முழங்கால் கிழிந்து ரத்தம். அப்பாவின் குரல் காதில் கேட்கிறது. எழுகிறாள். ஓடுகிறாள். ஜெயிக்கிறாள். நான் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டேன்.

அத்தை கேட்டார், "பூமயிலு எப்பய்யா என் காலைத் தட்டிவிட்டா?"

"தட்டிவிடலம்மா. இது சினிமாவுக்காக. கமர்ஷியல் படம், எதிரி இல்லன்னா ஆடியன்ஸ் பாப்கார்ன் வாங்க எந்திரிச்சுப் போயிடுவான்."

"எதிரியா? அவ பின்னாடி வரலன்னா நான் எதுக்குய்யா ஓடணும்? நடந்தே போயிருப்பேனே!"

"பேரை மாத்திடுறேம்மா. ஊரை மாத்திடுறேன்."

"என்னத்த மாத்துவ? என்கூட ஓடுனது யாருன்னு இங்கேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் தெரியாத ஆள் கெடையாது. அவ பேத்தி இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ஓட ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு அந்தப் புள்ள கோட்டுல போய் நிக்கிறப்ப, கால் தட்டிவிட்டவ பேத்தின்னு சொல்ல மாட்டானுங்க?"

கொல்லைப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த பூமயில், கத்தியும் கையுமாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னடி சத்தம்? நான் வில்லியா? யாரு தம்பி எனக்கு நடிக்கிறா?"

இயக்குநர் ஒரு பெயரைச் சொன்னார். பெரிய நடிகைதான்.

"அவளா! அம்மாடி, நல்ல செவப்பாச்சே! சரின்னு சொல்லேண்டி, உனக்கென்ன?"

"சும்மா கெட. என் காலை நீ தட்டிவிட்டதாச் சொல்றாங்க."

"தட்டிவிட்டதாவே இருக்கட்டுமே" என்றார் பூமயில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஜெயிக்கிறவளுக்கு நெஞ்சுல முட்டுறதுக்கு டேப் இருக்கும். நான் வர்றப்ப அது அறுந்து கீழ கெடக்கும். அதை மிதிச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். உனக்கு ரயில்வேல வேலை வந்துச்சு, எனக்குக் கூடை வந்துச்சு. நான் ஓடுனது இப்ப எவனுக்குத் தெரியும்? தட்டிவிட்டவன்னாவது படத்துல வந்துட்டுப் போறனே."

பூமயில் மறுபடி மீன் அரியப் போய்விட்டார். அத்தையின் முகத்தை நான் அதற்கு முன்பும் அப்படிப் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. யாரோ அறைந்துவிட்ட மாதிரி இருந்தார். தன் கால்களைப் பார்த்தார். பிறகு இயக்குநரிடம், "தம்பி, படம் வேண்டாம்" என்றார்.

இயக்குநர் வெளியே போனதும் அத்தையின் காலடியில் உட்கார்ந்தேன். "அத்தை, இது என் பொழப்பு. வயசு போயிடுச்சு, இனிமே எனக்கு எவன் தருவான்?" என்றேன். அவர் என் தலையில் கைவைத்தார்.

"ரெண்டாவது கதை ஒண்ணு வச்சிருப்பல்ல? அதைச் சொல்லு அவருட்ட."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்படி ஒரு மனுஷி.

இயக்குநர் நல்லவர். தஞ்சாவூரில் அறை போட்டுக்கொண்டு சில நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். பிறகு வந்து, வில்லனை மாற்றிவிட்டேன் என்றார். பெண் பிள்ளை ஓடுவதா என்று தடுக்கிற ஒரு தேர்வுக்குழு ஆள். மீசை, கூலிங் கிளாஸ் எல்லாம் உண்டு. பின்னால் ஓடி வருகிற பெண் எதுவும் செய்ய மாட்டாள், கூட ஓடுவாள், அவ்வளவுதான். அத்தை பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு தம்பி" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"கடைசி ஓட்டத்துல காலடிச் சத்தம் வைக்கணும். முன்னாடி ஓடுறவளுக்குக் கண்ணால ஆவுறது ஒண்ணும் இல்ல. காதுதான். திரும்பிப் பாத்தா போச்சு. பின்னாடி வர்ற காலடியை வச்சுத்தான் ஓடணும். பூமயிலு காலடி எனக்குத் தனியாத் தெரியும். வலது கால் அழுத்தி விழும், இடது கால் லேசா. தொம்… தட், தொம்… தட்டுன்னு. அது கிட்ட வரவரத்தான் என் கால் பறக்கும். நான் ஓடுன ஓட்டம் பாதி அவளுது. அதை மட்டும் வச்சுடுங்க."

"கண்டிப்பாம்மா, சத்தியமா" என்றார் இயக்குநர். எழுதியும் வைத்துக்கொண்டார். அத்தை கையெழுத்துப் போட்டார். பூமயிலுக்குத்தான் கோபம். "என் வேஷத்தைக் கெடுத்துட்டியேடி, பாவி!" என்று அன்றைக்கு மீன் கொடுக்காமலே போய்விட்டார்.

அத்தை இப்போது இல்லை. போன ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். தொலைக்காட்சியில் கீழே ஒரு வரி ஓடியது. பாசஞ்சரில் வந்திறங்கிய பூமயில், மீன் கூடையை வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து, "இதுலயும் முந்திக்கிட்டியாடி!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அங்கே இருந்தவர்கள் யாருக்கும் அதற்குப் பிறகு கண் தாங்கவில்லை. ஆனால் எனக்கு அத்தை என்றால் அந்த நாள் நினைவுக்கு வருவதில்லை. தஞ்சாவூரில் படம் வெளியான அன்றைக்கு மத்தியானக் காட்சிதான் வருகிறது.

பழைய தியேட்டர். பால்கனி வரிசைகளுக்கு மரப்பலகை அடித்து மேலே கம்பளம் விரித்திருந்தார்கள். முறுக்கு விற்பவர் நடந்தாலே தொம் தொம்மென்று கேட்கும். அத்தை ஊதா நிறப் பட்டுப் புடவையில் வந்திருந்தார். முன்வரிசை சோபாவில் அவருக்கும் கதாநாயகிக்கும் தயாரிப்பாளருக்கும் இடம். பூமயிலையும் கையோடு கூட்டி வந்திருந்தார். சோபாவில் இடம் இல்லை. அத்தை எழுந்து நின்றுவிட்டார். தியேட்டர்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். பூமயில்தான் அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

"உக்காருடி. நான் என்னைக்கு உன் பக்கத்துல வந்தேன்? பின்னாடிதானே வந்தேன்?"

அத்தைக்கு நேர் பின்னால் எனக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தேன். படம் தொடங்கியது. "கதை" என்று போட்டு என் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. பூமயில் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இப்போதும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

வரப்பு ஓட்டத்துக்கு விசில். தேர்வுக்குழு வில்லனுக்குக் கெட்ட வார்த்தை. எல்லாம் சரியாகத்தான் போனது. இறுதிப் போட்டி வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். துப்பாக்கி வெடித்ததும் டிரம்ஸ் தொடங்கிவிட்டது. தவில், உடுக்கை, எக்காளம், இல்லாத வாத்தியம் இல்லை. காலடி எங்கே? திரையில் பின்னால் ஓடி வருகிற பெண் மங்கலாகத் தெரிந்தாள். அவள் முகத்தைக்கூடக் காட்டவில்லை. நான் முன்னால் அத்தையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. இயக்குநர் சத்தியமாகத்தான் சொன்னார். இசை போட்ட இடத்திலோ, சத்தம் சேர்த்த இடத்திலோ யாரோ அதைத் தூக்கிவிட்டார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

நாயகி டேப்பை நெருங்கினாள். எல்லாம் மெதுவாக நகர ஆரம்பித்தது. சட்டென்று டிரம்ஸ் நின்றது. சத்தத்தை முழுக்க வெட்டிவிட்டிருந்தார்கள், கடைசி நொடிகளுக்கு ஒரு அழுத்தம் வேண்டுமென்று. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

தொம்… தட்.

என் பக்கத்தில்தான். பூமயில் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார். இரண்டு கையாலும் முன் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு, பலகைத் தரையில் கால்களை மாற்றி மாற்றி உதைத்தார். வலது கால் அழுத்தி, இடது கால் லேசாக. தொம்… தட். தொம்… தட். பால்கனி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டார்ச்சோடு ஒருவர் ஓடி வந்து, "பெரியம்மா, காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார். நான் எழுந்து டார்ச்சுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கதாநாயகி திரும்பிப் பார்த்தது, தயாரிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

அத்தை மட்டும் திரும்பவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டுப் புடவைக்குக் கீழே அவர் குதிகால்கள் தரையை விட்டு எழும்புவதை நான் சோபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"கிட்ட வந்துட்டியாடி?" என்றார், திரையைப் பார்த்தபடியே.

"வந்துட்டேன்" என்றார் பூமயில், மூச்சு வாங்க. "நீ ஓடு."